ஆணி அடிக்கலாம்

சித்தெ இப்படித் தள்ளி நின்னுக்குங்க தம்பி, போர்டை மறைக்காதீங்க. அந்தக் கொய்யா மரத்துக்குக் கீழ நில்லுங்க, வெயிலும் படாது. கோவிச்சுக்காதீங்க. காரணம் இல்லாமச் சொல்லுவனுங்களா?

மாடி வீடு பாக்கத்தான வந்திருக்கீங்க. சாவி இதோ இடுப்புலயே இருக்குது. பெருந்துறையிலிருந்து ஈரோட்டுக்கு ஒரு டவுன் பஸ் வரணும், அது போயிரட்டும், மேல போலாம். பதினோரு மணிக்கு முன்ன பின்ன வரும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை பாருங்க, வெள்ளிக்கிழமை அந்த பஸ்ஸை நான் விடறதில்லை. ஏர்றதுக்கு இல்லீங்க, பாக்கறதுக்கு. என்ற சம்சாரம் அதுல போவா.

ஆமாங்க, இந்த வீட்டுக்காரம்மாதான். பஸ்ஸுல போவா, இங்க எறங்க மாட்டா. மாடிக்கு ஆள் வரட்டும், அப்பறம் பாக்கலாம்னு போன்ல சொல்லியிருக்கறா. அதனால நீங்க வந்தது எனக்கு ரொம்பச் சந்தோசம். வீடு புடிக்கலைன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. வாடகையெல்லாம் பேசிக்கலாம், அதுல நான் கறார் இல்லை.

போர்டைப் படிச்சீங்களா? 'மாடி வாடகைக்கு விடப்படும். ஆணி அடிக்கலாம்.' வர்றவங்க எல்லாரும் அந்த ரெண்டாவது வரியத்தான் கேக்கறாங்க. தண்ணி வருமா, வண்டி நிறுத்த எடமிருக்குதான்னு ஒருத்தர் கேக்கறதில்லை. அதென்னங்கய்யா ஆணி அடிக்கலாம்னு சிரிக்கறாங்க. சிரிக்கறதுக்கு அதுல என்ன இருக்குது? யோசிச்சு யோசிச்சு எழுதச் சொன்ன வரிங்க அது. போர்டு எழுதுறவன்கிட்டச் சொன்னேன். அவனும் ரெண்டு தடவை கேட்டான், அடிக்கலாமா, அடிக்கக் கூடாதா, செரியாச் சொல்லுங்கன்னு. என்னைப் பத்தித் தெரிஞ்சவன்.

போர்டைக் கம்பி போட்டுத்தான் கட்டியிருக்கேன், பாத்தீங்களா? காம்பவுண்டுச் செவுத்துல அடிச்சா பூச்சு விட்டுரும். கேட்டுல கட்டறதுக்கு ஆணி எதுக்குங்க?

என்ற பேரு சென்னியப்பன். போக்குவரத்துக் கழகத்துல கண்டக்டராச் சேந்து, செக்கிங் இன்ஸ்பெக்டரா ரிடையர் ஆனவன். நான் ஏறுனா கடைசி சீட்டு வரைக்கும் பேச்சு நின்னு போகும். ஒருத்தர் மூஞ்சியையும் நான் பாக்கறதில்லீங்க. கையைத்தான் பாப்பேன். மூஞ்சியைப் பாத்தா பாவமா இருக்கும், அப்பறம் வேலை செய்ய முடியாது. கையில டிக்கெட் இருக்குதா, எந்த ஸ்டேஜ் வரைக்கும் இருக்குது, அவ்வளவுதான். ஒருக்கா என்ற சொந்த மச்சினன்கிட்டயே டிக்கெட்டை வாங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டு எறங்கிட்டேன். எனக்கு அவன்னே தெரியலை. வீட்டுக்குப் போயி, மாமா என்னைக் கண்டுக்கவே இல்லைன்னு அவனுக்கு ஒரே வருத்தமாம். அந்த மச்சினன் வீட்லதான், பெருந்துறையில, இப்ப சாந்தாமணி இருக்கறா. சாந்தாமணின்னா என்ற சம்சாரம்.

வீட்டைப் பத்திச் சொல்லிடறேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். கல்யாணமாயி நாங்க குடியிருந்தது ஒரு வாடகை வீடு. செவுரு பூரா ஆணி ஓட்டை. எனக்கு முன்ன இருந்தவன், அவனுக்கு முன்ன இருந்தவன், எல்லாரும் அடிச்சு அடிச்சுப் புடுங்கிட்டுப் போயிருந்தாங்க. ஒருத்தன் பல்லு விளக்கற பேஸ்டை வெச்சு அடைச்சிருந்தான். வேப்பிலை வாசம் அடிக்கும். அன்னிக்கே முடிவு பண்ணுனேன், நான் ஒரு வீடு கட்டுனா அதுல ஆணிங்கற பேச்சே இருக்கக் கூடாதுன்னு.

கட்டுனேனுங்க. பூச்சு வேலை முடிஞ்சு காலையும் சாயங்காலமும் நானே நின்னு செவுத்துக்குத் தண்ணி அடிச்சேன். காயவிட்டு, பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, அப்பறம்தான் பெயிண்ட்டு. கையை வெச்சுப் பாருங்க மேல போறப்ப, கன்னத்தைத் தொட்ட மாதிரி இருக்கும். இல்லீங்க, கையை வெக்க வேண்டாம், வேர்வை ஒட்டிக்கும். பாத்தாலே தெரியும்.

எங்க வீட்ல சாமியே நின்னுட்டுத்தான் இருக்குது, தொங்கறதில்லை. மர அலமாரி ஒண்ணு செஞ்சு எல்லா சாமிப் படத்தையும் அதுல நிறுத்தி வெச்சுட்டேன். காலண்டரு பிரிட்ஜு மேல கெடக்கும், தேதி பாக்கணும்னா எடுத்துப் பாத்துட்டு வெச்சுக்கலாம். கல்யாணப் போட்டோ பீரோ மேல படுத்திருக்குது. தூசி படாம இருக்க ஒரு பழைய வேட்டி போத்தி வெச்சிருக்கேன். யாரும் கொறைன்னு சொன்னதில்லை.

சாந்தாமணி குடிவந்த புதுசுல ஒரு ஆணி கேட்டா. ஒரே ஒரு ஆணி, ஹால்ல. எதுக்குன்னு நான் கேக்கலை. ஒண்ணு அடிச்சா ஒம்பது ஆகும்னு சொன்னேன். செரின்னுட்டா. அப்பறம் அதைப் பத்தி வாயே தெறக்கலை. அந்த மாதிரிப் பொம்பளை கெடைக்கறது அபூர்வம்ங்க.

தண்ணி வேணுங்களா? வெச்சிருக்கேன், அந்தச் சொம்புல.

மாடிக்கு தை மாசம் ஒரு ஜோடி குடி வந்துது. சுதாகரன்னு ஒரு பையன், சாயப்பட்டறைக்கு மருந்து சப்ளை பண்ற கம்பெனியில வேலை. அவன் சம்சாரம் வான்மதி. நல்ல புள்ளைக, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா சாமான் எறக்கறப்பவே நான் பாத்துட்டேன். ஒரு டிவி பொட்டி நெறையப் படம். அவங்க கல்யாணம், அவங்கப்பன் ஆத்தா, கடல், மலை, ஒரு நாய்க்குட்டி. செத்துப்போன நாய்க்குட்டிக்கெல்லாம் கண்ணாடி போட்டு வெச்சிருந்தாங்க. நான் வாசல்லயே சொல்லிட்டேன், அம்மிணி, இங்க ஆணி கெடையாது, டேப் கெடையாது, பசை கெடையாதுன்னு. 'சரிங்கய்யா'ன்னு சிரிச்சுட்டே சொல்லுச்சு. நானும் நம்பிட்டேன்.

மொதல்ல படத்தையெல்லாம் தரையில வெச்சு செவுத்துல சாச்சு வெச்சாங்க. நான் போய்ப் பாத்தேன். ஏனம்மிணி, சட்டத்தோட மேல் வெளும்பு செவுத்துல உரசுதே, கோடு விழுகுமேன்னேன். எடுத்துட்டாங்க. அப்பறம் இந்த ஒட்டற கொக்கி விக்கறாங்களே, பின்னாடி தாளை உரிச்சுட்டு அழுத்துனா புடிச்சுக்கும், அதை வாங்கியாந்து ஒட்டுனாங்க. செவுத்துக்கு ஒண்ணுமே ஆகாதுன்னு அட்டையில போட்டிருக்குதுங்கய்யான்னு அட்டையைக் காட்டுச்சு அந்தப் புள்ளை. அட்டையில ஆயிரம் போடுவான். மாசி மாசம் ஒரு நா மத்தியானம் டமார்னு சத்தம். நான் சாப்பாட்டை உட்டுட்டு ஓடுனேன். நாய்க்குட்டி கீழ கெடக்குது, கண்ணாடி தெறிச்சுக் கெடக்குது, அந்தப் புள்ளை வெரல்ல ரத்தம். நான் நேரா செவுத்துக்கிட்டப் போனேன். கொக்கி போறப்ப ஒரு பத்தையைப் பேத்துட்டுப் போயிருச்சுங்க, ஒரு ரூவா அகலத்துக்கு. பெயிண்ட்டு, ப்ரைமரு, பட்டி, மூணும் ஒட்டுக்கா.

அந்தப் பத்தையைத் தீப்பெட்டியில போட்டு வெச்சிருக்கேன். காட்டட்டுமா? வேண்டாமா. செரி.

சாந்தாமணிதான் அந்தப் புள்ளைக்கு மஞ்சள் வெச்சுக் கட்டு போட்டு விட்டா. அதுக்கப்பறம்தான் அவ மாடிக்குப் போக ஆரம்பிச்சா. நான் காத்துக்குப் போறான்னு நெனச்சுட்டேன். கீழ ஹால்ல சித்தெ புழுக்கம்.

அடுத்தாப்ல அவங்க செஞ்சதுதான் யோசனைங்க, ஒத்துக்கறேன். சிலாப் போடறப்பவே நான் ஹால்ல ரெண்டு தொட்டில் கொக்கி உட்டு வெச்சிருக்கேன், காத்தாடிக்கு இடைஞ்சல் இல்லாமச் செவுத்தோரமா. மேலயும் உண்டு, கீழயும் உண்டு. பின்னால தொட்டில் கட்டணும்னா ஓட்டை போடக் கூடாதுல்லங்க, அதுக்குத்தான். கீழ கொக்கியில ஒண்ணும் தொங்குனதில்லை. எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. அதைப் பத்தி நாங்க பேசறதில்லை. மேல இருந்த கொக்கியில அந்தப் பையன் ரெண்டு கயிறு போட்டு, ஒரு மூங்கில் கழியைப் படுக்க வெச்சுக் கட்டி, கழியிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியா நூல்கயிறு எறக்கித் தொங்க உட்டுட்டான். கொடியில துணி காயற மாதிரி எல்லாப் படமும் செவுத்துக்கு முன்னால நிக்குது. செவுத்தைத் தொடலை.

தொடலைன்னு அவன் சொன்னான். நான் சும்மா உடுவனா? என்ற பர்சுல பழைய டிக்கெட்டு ஒண்ணு எப்பவும் இருக்கும். அதை எடுத்து, ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும் மேலிருந்து உட்டுக் கீழ எடுத்தேன். எங்கயும் சிக்கலை. நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டு எறங்கி வந்துட்டேன். நான் ஒருத்தரை நல்லா இருக்குதுன்னு சொல்றது லேசுல நடக்காது. அந்தப் புள்ளை கைதட்டுச்சு.

அப்பறம் வாராவாரம் போவேன். ஞாயித்துக்கிழமை காலையில, அவங்க ரெண்டு பேரும் வீட்ல இருக்கற நேரமாப் பாத்து. டிக்கெட்டை விடுவேன், எடுப்பேன், முடிச்செல்லாம் இழுத்துப் பாப்பேன், வந்துருவேன். காப்பி குடுப்பாங்க, குடிக்க மாட்டேன். செக்கிங் போன எடத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சவன் இல்லை நான்.

பங்குனியிலயோ சித்திரையிலயோ ஒரு படம் கூடுதலா வந்துது. கழியோட நடு எடத்துல, மத்த படத்தையெல்லாம் ஒதுக்கி உட்டுட்டு, ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம். தேக்குச் சட்டம், பின்னாடி தடி அட்டை, மேல ரெண்டு பித்தளை வளையம். கனம் ஜாஸ்தி. கழி தாங்குமான்னு சுதாகரனைக் கேட்டேன், தாங்கும்னான். டிக்கெட்டை உட்டேன், வந்துது. இடது பக்கத்து முடிச்சு மட்டும் சித்தெ லூசா இருந்துச்சு, இறுக்கிக் கட்டச் சொன்னேன். சாந்தாமணியும் அங்கதான் நின்னுட்டு இருந்தா. என்னையவே பாத்துட்டு இருந்தா. 'ஏன் அப்படிப் பாக்கறே?'ன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்லீங்க, பாருங்க'ன்னா. பாத்துட்டேன், செரியா இருக்குதுன்னேன்.

அதுக்கப்பறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் போறதுக்கு முன்னாடியே அவ அங்க போயி நின்னுக்குவா. எனக்கு ஒத்தாசைக்கு நிக்கறான்னு இருந்தேன். ஒருக்கா தலைக்கு மல்லிப்பூ கூட வெச்சிருந்தா.

ஆனி மாசம் காத்து ஆரம்பிச்சுது. உங்களுக்கே தெரியும், இந்தப் பக்கம் காத்து எப்படி அடிக்கும்னு. கழியில தொங்கற படமெல்லாம் ஆட ஆரம்பிச்சுருச்சு. ஆடுனா செவுத்துல இடிக்குமா இடிக்காதா? நான் மேல போயி, அம்மிணி, காத்துக் காலம் முடியற வரைக்கும் ஜன்னலைச் சாத்தி வெய்யுங்கன்னேன். அந்தப் புள்ளை அப்ப மாசமா இருக்குது. ஏழாவது மாசம். 'காத்து இல்லாட்டி எனக்கு மூச்சு முட்டுதுங்கய்யா'ன்னுச்சு. அப்படின்னா படத்தை எறக்கி வெச்சுருங்கன்னேன். ரெண்டுல எது வேணுமோ அவங்களே முடிவு பண்ணட்டும்னு உட்டுட்டேன். நான் யாரையும் வற்புறுத்தறவன் இல்லை.

அவங்க வேற வீடு பாத்துக்கிட்டாங்க. சூரம்பட்டியில. சண்டையெல்லாம் இல்லீங்க, கால்ல விழுந்து கும்புட்டுட்டுத்தான் போனாங்க. போறப்ப அந்தப் புள்ளை கழியிலிருந்து படத்தையெல்லாம் அவுத்துட்டு, அந்தப் பழைய படத்தை மட்டும் கையில புடிச்சுட்டு நிக்குது. இதையும் கட்டி எடுத்துக்கம்மிணின்னேன். 'இது எங்களுது இல்லீங்கய்யா. கீழ இருக்கற அம்மாவோடது. அவங்க பள்ளிக்கூடத்துல கோ-கோ ஆடுனப்ப எடுத்தது. கோயமுத்தூரு போயி ஜெயிச்சுட்டு வந்தாங்களாம்'னுச்சு.

கோ-கோன்னா ஓடற வெளையாட்டு. சாந்தாமணி ஓடி நான் பாத்ததே இல்லீங்க. ஒரே ஒரு தடவை பஸ்ஸுக்கு ஓடுனா, அதும் நான் படிக்கட்டுல நின்னு திட்டுனதுக்கு. பீரோவுல சேலைக்கு அடியில அந்தப் படம் இருந்துருக்குது, இத்தனை வருசமா. பீரோவை நான் தொறக்கறதில்லை, எனக்கென்ன வேலை அங்க?

அன்னிக்குச் சாயங்காலம் மாடி காலியாயிருச்சு. செவுத்தையெல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு எறங்கி வந்தேன். சாந்தாமணி படத்தை மடியில வெச்சுட்டு ஹால்ல உக்காந்திருக்கறா. 'கீழயும் ரெண்டு கொக்கி இருக்குதுங்களே, அந்தக் கழியை இங்க கட்டிக்கலாமுங்களா?'ன்னு கேட்டா. நான் யோசிச்சுத்தான் பதில் சொன்னேன். வாசக்கதவு நேரா இருக்குது சாந்தாமணி, மேலத்தை விட இங்க காத்து ஜாஸ்தி, ஆடும்னேன்.

அப்பறம், 'இந்தப் படத்தை எத்தனை தடவை பாத்திருப்பீங்க?'ன்னு கேட்டா. வாராவாரம் பாத்தனேன்னேன். 'அப்படின்னா இதுல என்ன இருக்குதுன்னு சொல்லுங்க'ன்னு படத்தைத் திருப்பிக் கவுத்து வெச்சுக்கிட்டா. இதென்ன பெரிய விசயம். நான் ஒண்ணு விடாமச் சொன்னேன். தேக்குச் சட்டம், தடி அட்டை, பித்தளை வளையம் ரெண்டு, இடது பக்கத்து முடிச்சு லூசு.

'உள்ள?'ன்னா.

உள்ள புள்ளைக. பள்ளிக்கூடத்துப் புள்ளைக. கோ-கோ ஆடற புள்ளைக. இப்பத்தான் மேல கேட்டுட்டு வந்தேன், அதனால சொல்ல முடிஞ்சுது.

'அதுல நான் எது?'ன்னா.

டிக்கெட் இல்லாதவன் எப்படி முழிப்பான்னு எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. மேல பாப்பான், கீழ பாப்பான், சட்டைப் பையைத் தொட்டுப் பாப்பான். என்ற கையும் சட்டைப் பைக்குத்தான் போச்சு. பின் வரிசையில மூணாவது ஆளுன்னேன். குத்துமதிப்பாத்தான்.

'அது எங்க டீச்சருங்க'ன்னா.

அழுகலைங்க. சத்தம் போடலை. சிரிக்கக் கூடச் செஞ்சா. எந்திரிச்சுப் போயி ரசத்தைச் சுட வெச்சுப் பரிமாறுனா. அடுத்த நா காலையில ஒரு பை, அந்தப் படம், ரெண்டையும் எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கறா. தம்பி வீட்டுக்குப் போறேன்னா. 'எப்ப வருவே?'ன்னேன். 'செவுத்தப் பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. பாருங்க, அந்த நேரத்துலயும் என்னை நம்பித்தான் உட்டுட்டுப் போறா.

பாத்துக்கிட்டேன். ஆடி போச்சு, ஆவணி போச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன். செவுரு நல்லா இருக்குதுங்க, ஒரு கீறல் கெடையாது. காலையில எந்திரிச்சா செவுரு, சோறு தின்னா எதுக்க செவுரு. பாக்கப் பாக்க எனக்கு வெறுப்பா இருக்குது. பொய் சொல்லலை. எதையாச்சும் ஒண்ணை மாட்டி வெச்சா தேவலைன்னு இருக்குது, மாட்டறதுக்கும் ஒண்ணும் இல்லை. அவ இல்லாம இந்த வீடு, சாமான் எறக்குன லாரி மாதிரி கெடக்குது.

போன் பண்ணுனேன். அப்பத்தான் மாடிக்கு ஆள் வரட்டும்னா. செரி, அவளுக்குப் பேச்சுத் துணை வேணும் போல, அதான் கோவம்னு புரிஞ்சுக்கிட்டேன். உடனே போர்டு எழுதி மாட்டுனேன். மொதல்ல எழுதுனது பழைய மாதிரிதான், ஆணி அடிக்கக் கூடாதுன்னு. ஒருத்தரும் வரலை. அப்பறம் வான்மதிக்குக் கொழந்தை பொறந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன், பொம்பளைப் புள்ளை. சாந்தாமணி வெள்ளிக்கிழமையானா பெருந்துறையில பஸ் ஏறிச் சூரம்பட்டிக்குப் போயி, கொழந்தைக்கு எண்ணெ தேச்சுத் தண்ணி வாத்து உட்டுட்டு வர்றாளாம். எனக்கு எப்படித் தெரியும்னா, கண்டக்டர் சொன்னான். எல்லாம் நம்ம பசங்கதான. அம்மா இடது பக்கம் மூணாவது சீட்டு, ஜன்னலோரம், உங்க வீடு வர்றப்ப மட்டும் கண்ணைத் தொறந்து பாக்கறாங்கன்னான்.

இடது பக்கம் பொம்பளைக சீட்டு. ஈரோடு போறப்ப எங்க வீடும் இடது பக்கம். திரும்பிப் போறப்ப அவளுக்கு எதுக்க இருக்கற மரக்கடைதான் தெரியும். அதனால வாரத்துக்கு ஒரே ஒரு தடவைதான். வேகத்தடை ஒண்ணு இருக்குது பாருங்க அங்க, அதுல பஸ்ஸு சித்தெ மெதுவாகும். அந்த நேரத்துக்குள்ள படிக்கணும்னா எழுத்து பெருசா இருக்கணும், வரி ரெண்டுக்கு மேல போகக் கூடாது. அதுக்குத்தான் போர்டை மாத்தி எழுதச் சொன்னேன். ஆணி அடிக்கலாம். யாருக்கு எழுதுனதுன்னு இப்பப் புரியுதுங்களா? வாடகைக்கு வர்றவங்களுக்கும் பொருந்தும், அதுல ஒண்ணும் மாத்தமில்லை. என்ன, எங்க அடிக்கணும்னு மட்டும் என்னைக் கேட்டுக்கங்க. ட்ரில் போட்டு, பிளக் வெச்சு, நானே வந்து நின்னு அடிச்சுத் தர்றேன். தூண் இருக்கற எடத்துல வேண்டாம். ஜன்னல் பக்கத்துல வேண்டாம். கெழக்குச் செவுரு புதுசாப் பூசுனது, அதுல வேண்டாம். மத்தபடி உங்க இஷ்டம்.

ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. ஹால்ல நான் ஒரு ஆணி அடிச்சுட்டேன். போன வாரம். அவ அன்னிக்குக் கேட்டாளே, அந்த எடத்துல. எந்த எடம்னு எனக்கு ஞாபகம் இருக்குது, கையைக் காட்டுனது கூட ஞாபகம் இருக்குது. ஒரு விரிசல் உடலைங்க, அப்படியே எறங்குச்சு. இப்ப ஆணி இருக்குது, படம் அவகிட்ட இருக்குது.

ஆனா அவ வந்து, படத்தைக் கையில வெச்சுக்கிட்டு, அதுல நான் எதுன்னு மறுபடியும் கேட்டா நான் என்ன பண்ணட்டும்? அதுதான் எனக்கு வெசனமே. தெனமும் உக்காந்து ஞாபகப்படுத்திப் பாக்கறேன். சட்டம் வருது, வளையம் வருது, கயித்துல இருந்த பிசிறு கூட வருது. அந்தப் புள்ளைக மூஞ்சி ஒண்ணு கூட வர மாட்டேங்குது. முன் வரிசையில ஒருத்தி முட்டியில கட்டுப் போட்டுட்டு உக்காந்திருந்த மாதிரி ஒரு நெனப்பு. அது நானா நெனச்சுக்கிட்டதோ என்னமோ. சாந்தாமணிக்கு முட்டியில ஒரு தழும்பு இருக்குதுங்க. எப்படி வந்துதுன்னு நான் கேட்டதில்லை.

வர்றாப்ல இருக்குது. அந்த ஹாரன் கேட்டீங்களா, அது நம்ம வண்டிதான். அப்படியே நில்லுங்க, அசையாதீங்க. போர்டு தெரியுதுங்களா அங்கிருந்து? ரெண்டு வரியும்? சட்டைக் காலரு செரியா இருக்குதா எனக்கு? செரி. மூணாவது சீட்டு, ஜன்னலோரம். நீங்களும் பாருங்க, ரெண்டு பேர் பாத்தா நல்லதுதான்.

வேகத்தடை வந்துருச்சு. அடடா, இந்தக் கம்பி... ஒரு பக்கம் எறங்கிருச்சே... இருங்க, ஒரு நிமிசம்... இப்படி இழுத்து... ஆச்சு. நேரா இருக்குதுங்களா இப்ப?

போயிருச்சா?

போயிருச்சுங்களா?

இல்லீங்க, நான் பாக்கலை. போர்டு கோணலா இருந்துச்சு, அதைச் செரி பண்ணிட்டு இருந்தேன். நீங்க பாத்தீங்கதான? இருந்தாளா? என்ன சேலை? பச்சையா. அரக்குக் கரை போட்டதா? அது எங்க அக்கா மகன் கல்யாணத்துக்கு எடுத்தது. போர்டைப் பாத்தாளா?

போர்டைப் பாக்கலையா.

என்னையா? என்னையவா பாத்தா? செரியாச் சொல்லுங்க தம்பி, போர்டு பக்கத்துல நான் நின்னதால அப்படித் தெரிஞ்சுருக்கும். இல்லைங்கறீங்க. தலையைத் திருப்பி, பஸ்ஸு கண்ணை விட்டு மறையற வரைக்குமா. எளைச்சிருந்தாளா? சிரிச்சாளா, சும்மா பாத்தாளா? மூஞ்சி எப்படி இருந்துச்சு?

நீங்க எப்படிச் சொல்லுவீங்க பாவம், இன்னிக்குத்தான மொதமொதப் பாக்கறீங்க.

இந்தாங்க சாவி. மேல போயிப் பாத்துட்டு வாங்க. நான் வரலை, நீங்களே பாருங்க, கையை வெச்சுத் தொட்டுக் கூடப் பாருங்க. புடிச்சிருந்தா அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே குடி வந்துருங்க. அன்னிக்கு நீங்க போர்டைப் புடிச்சுக்கங்க. நான் பஸ்ஸைப் பாத்துக்கறேன்.